விரல்ரேகைச் சாட்சியமும் நிபுணர் மனமும்: ஜல்பைகுரி முதல் மாட்ரிட் வரை

1897 ஆகஸ்டில், வங்காளத்து ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணம் களவு போயிருந்தது. அவருடைய பொருள்களிடையே இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் நீல அட்டையில் இரண்டு பழுப்புக் கறைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் வலது கட்டைவிரல் ரேகை தெரிந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் தொடங்கப்பட்டிருந்த கல்கத்தா விரல்ரேகைப் பிரிவு, அது திருட்டு வழக்கில் முன்பே தண்டனை பெற்ற பழைய வேலைக்காரருடையது என்று கண்டறிந்தது. 1898இல் தீர்ப்பு வந்தது: திருட்டுக்குத் தண்டனை, கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. அந்த விரல் பஞ்சாங்கத்தைத் தொட்டது என்பதை ரேகை காட்டியது; கத்தியைப் பிடித்த கை யாருடையது என்பதை அது காட்டவில்லை. விரல்ரேகைக்கு நீதிமன்றம் இட்ட முதல் எல்லைக்கோடுகளில் ஒன்று இது. அடுத்து வந்த நூறாண்டில் இந்த நிதானம் பெரும்பாலும் மறக்கப்பட்டது என்பதே என் கருத்து.

கல்கத்தாப் பிரிவின் முறைக்கு அன்றைய வங்காளக் காவல் துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் பெயர் சூட்டப்பட்டது. ரேகைகளை 1,024 அறைகளில் பிரித்துத் தேடும் வகைப்பாட்டுக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்கள். 1899ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் இந்திய சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவைத் திருத்தி, விரல்ரேகை குறித்த நிபுணர் கருத்தை ஏற்கத்தக்கதாக்கியது. 1901இல் ஸ்காட்லாந்து யார்டில் விரல்ரேகைப் பிரிவு வந்தது. 1905இல் லண்டன் டெப்ட்ஃபோர்டு கொலை வழக்கில் பணப்பெட்டியில் பதிந்த கட்டைவிரல் ரேகையும் சாட்சியமாகி, சகோதரர் இருவர் தூக்கு மேடை ஏறினர். 1911இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றமும் விரல்ரேகைச் சாட்சியத்தை ஏற்றது. இந்தக் காலம் முழுவதும், இருவேறு மனிதர்களின் ரேகை ஒன்றாக இருக்காது என்பதைப் பற்றியே வாதம் நடந்தது. சம்பவ இடத்தில் கிடைக்கும் அரைகுறைப் பதிவை ஒப்பிடும் நிபுணர் எத்தனை முறை தவறுகிறார் என்று யாரும் முறையாக அளக்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாமல் செய்தது மாட்ரிட். 2004 மார்ச் 11 அன்று நடந்த ரயில் குண்டுவெடிப்பில் 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிதூண்டிகள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. தன் கணினித் தொகுப்பில் தேடியபோது, பொருந்தக்கூடியவை என இருபது பதிவுகள் வந்தன. அவற்றுள் நான்காவது, ஒரிகனைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞருடையது. மூன்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அது அவருடையதே என்றார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆமோதித்தார். ஸ்பெயின் காவல் துறை பொருந்தவில்லை என்று ஏப்ரலிலேயே சொல்லியும், அமெரிக்கத் தரப்பு ஏற்கவில்லை. மே 6 அன்று கைதான அவர், அந்த ரேகை வேறொருவருடையது என ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகே வெளியே வந்தார்.

அமெரிக்க நீதித் துறைக் கண்காணிப்பாளரின் 2006 அறிக்கை, தவறு நடந்த விதத்தை நுணுக்கமாக விளக்கியது. வழக்கறிஞரின் ரேகையைப் பார்த்த பிறகு நிபுணர்கள் மங்கலான பதிவுக்குத் திரும்பி, அதில் தெளிவாக இல்லாத அம்சங்களையும் ‘கண்டார்கள்’. முதலில் ஒப்பிட்டவருக்கு அந்த வழக்கறிஞர் இஸ்லாமியர் என்பது தெரியாது. ஆனால் தெரிந்த பிறகு, முடிவை மறுபரிசீலிக்கத் தயங்கியதில் அந்தத் தகவலுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்றது அறிக்கை.

அறிவாற்றல் உளவியலாளர் இட்டியல் ட்ரோர், இந்தப் பிழையையே தம் சோதனைக்குக் கருவியாக்கினார். அனுபவம் மிக்க ஐந்து விரல்ரேகை நிபுணர்களுக்கு அவர்களுடைய பணிச் சூழலிலேயே ஒரு ரேகை இணை தரப்பட்டது. எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய மாட்ரிட் ரேகை இது, பின்னணியைப் புறந்தள்ளி உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உண்மையில், சுமார் ஐந்தாண்டுகளுக்கு முன் அவரவரே ‘பொருந்துகிறது’ என்று கருத்துக் கூறியிருந்த இணை அது. மூவர் ‘பொருந்தவில்லை’ என்றனர். ஒருவர் ‘முடிவுசெய்யப் போதாது’ என்றார். ஒருவர் மட்டுமே பழைய முடிவில் நின்றார். ரேகை மாறவில்லை, பார்த்த கண்களும் மாறவில்லை. காதில் விழுந்த சேதி மட்டுமே மாறியிருந்தது.

ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்ற மறுப்பு நியாயமானதே. 2011இல் 169 நிபுணர்களிடம் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில், பொருந்தாததைப் பொருந்துகிறது என்று சொன்ன பிழை 0.1 சதவீதம்தான்; பொருந்துவதை இல்லை என்று ஒதுக்கிய பிழை 7.5 சதவீதம். ஆகவே விரல்ரேகை முறையே பயனற்றது என்று பேசுவது தவறு. ஆனால் அந்த ஆய்வில் நிபுணர்களுக்கு வழக்கின் கதை எதுவும் சொல்லப்படவில்லை. ட்ரோர் கேட்டதோ கதை தெரிந்த நிபுணரைப் பற்றி. அதே 2011இல், உண்மை வழக்கு ஒன்றின் கலப்பு டி.என்.ஏ. பதிவை விவரம் தெரியாத 17 பகுப்பாய்வாளர்களிடம் அவரும் டி.என்.ஏ. நிபுணர் கிரெக் ஹாம்பிகியனும் கொடுத்தனர். அரசுத் தரப்பு நிபுணர்களின் முடிவோடு ஒத்துப்போனவர் ஒருவரே.

இதிலிருந்து பிறந்த நடைமுறை எளிமையானது. சம்பவ இடப் பதிவை முதலில் தனியாக ஆராய்ந்து, கண்ட அம்சங்களை எழுத்தில் பதிந்த பிறகே சந்தேக நபரின் ரேகையைப் பார்க்க வேண்டும். ஒப்புதல் வாக்குமூலம், பழைய குற்றப் பதிவு போன்றவை நிபுணர் மேசைக்கே வரக் கூடாது. மாட்ரிட்டுக்குப் பின் எஃப்.பி.ஐ.யும் தன் ஒப்பீட்டு வரிசையை இவ்வழியில் திருத்தியது.

நம் நாட்டில், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு கட்டாயமாக்குகிறது. அதே சட்டத்தின் 329ஆவது பிரிவோ, விரல்ரேகைப் பிரிவு இயக்குநரின் அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாகப் பயன்படுத்த இடம் தருகிறது. நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைத்து விசாரிக்கலாம். அழைக்காவிட்டால், ஒப்பிடும் முன் அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்ற கேள்வி எழாமலே வழக்கு முடிந்துவிடும். எனவே ஒவ்வொரு விரல்ரேகை அறிக்கையும், நிபுணருக்கு எந்தத் தகவல் எப்போது தரப்பட்டது, எதை முதலில் பார்த்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும் என நீதிமன்றங்கள் கேட்கத் தொடங்க வேண்டும். அறிக்கையில் அது இல்லையென்றால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் நிபுணரைக் கூண்டுக்கு அழைக்கும்படி மனுச் செய்யத் தயங்கக் கூடாது.