அணுக்கியார் என்னும் பணிப்பெயர்



ஓசூர் மலைமீது மரகதாம்பிகையுடன் எழுந்தருளியுள்ள சந்திரசூடேசுவரப் பெருமானை வழிபடுவோர், கன்னட நாட்டெல்லையைச் சார்ந்த இப்பகுதியின் பழமையை ஓரளவு அறிவர். கங்கபாடியையும் நுளம்பபாடியையும் முதலாம் இராசராசன் வென்றமையால், இவ்வெல்லை நிலம் சோழராட்சியின் தொடர்புடையதாயிற்று. அம்மன்னர் குடும்பத்தின் அகப்பணிப் பெயரொன்று, சிவத்தொண்டின் உண்மையை நமக்கு விளக்குகின்றது.

அணுகு என்னும் அடியாகப் பிறந்தது அணுக்கன் என்னும் சொல், பெண்பால் அணுக்கி, உயர்வு பற்றி அணுக்கியார் என வழங்கும். அரசனுக்கு அண்மையில் நின்று உடனுறைந்து பணிபுரிவோர் என்பது அதன் பொருளாம். திருக்கோயில்களிலும் இச்சொல் உண்டு. தஞ்சை இராசராசேச்சரத்தில் கருவறைக்கு அணித்தாய பக்கவாயில் அணுக்கன் திருவாயில் எனப்படும்.

முதலாம் இராசேந்திரன் (கி.பி. 1012–1044) காலத்தில் இப்பெயர் பூண்டு விளங்கியவர் பரவை நங்கையார். சுந்தரமூர்த்தி நாயனாரின் வாழ்க்கைத் துணைவியார் பெயரும் பரவையார் என்பதே. இருவர் புகழுக்கும் இடம் திருவாரூரே. வீதிவிடங்கப் பெருமானுக்கு இந்நங்கையார் கற்றளி எடுப்பித்தார். விமானத்தின் உறுப்புகளைப் பொன் வேய்வதற்கு 20,643 கழஞ்சுப் பொன்னும், கதவு முதலியவற்றிற்கு 42,000 பலம் செம்பும் செலவாயின என்பது கல்வெட்டுச் செய்தி.

இராசேந்திரனின் 18ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1030இல், அரசரும் நங்கையாரும் தேரேறிவந்து பெருமானைத் தொழுதனர். அவர்கள் நின்ற இடம் தெரியுமாறு ஒரு குத்துவிளக்கு நிறுத்தப்பட்டது.

அணுக்கி என்றதும் காமக்கிழத்தி என்று மட்டும் கொண்டு அமைவாருமுளர். அச்சொல்லோ அண்மையை மட்டுமே குறிக்கின்றது. அவ்வண்மையால் எய்திய செல்வம் எவ்வழிச் சென்றது என்பதைக் கல்வெட்டுக் கூறுகின்றது. அரண்மனையிற் பெற்றதை ஆலயத்திற்கு ஆக்கினார் அவர். அரசன் அண்மை ஆட்சியுள்ளளவும் நிற்பது; ஆண்டவன் அண்மையோ என்றும் அழியாதது.

தொழிற்சாலைகள் நிறைந்த இந்நகரில், பல ஊர்களினின்றும் வந்து உழைத்துப் பொருளீட்டுவோர் மிகப் பலர். அப்பொருளின் ஒரு பகுதி திருப்பணிக்கு ஆகுமாயின், கொடுத்தவர் எவ்வூரினராயினும் இறைவனுக்கு அணுக்கரேயாவர். பரவை நங்கையார் பெற்ற பெயர் அரசன் அளித்தது; அதனை நிலைபெறச் செய்தது திருத்தொண்டு. குடமுழுக்குக் காணும் அடியார்கள் இதனை உளங்கொண்டு உய்வார்களாக.