தரங்கம்பாடித் தெருக்களும் வழிகாட்டியின் கூலியும்



நம் ஓமலூரைத் தொட்டு ஓடும் சரபங்கா ஆறு காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சிறிது தூரம் சென்றால் தரங்கம்பாடி. இந்தக் கோடை விடுமுறையில் அவ்வூருக்குப் போய்வர நம் வாலிபர் ஐக்கியத்தார் விரும்புகிறார்கள். “சுற்றிக்காட்ட ஆள் வைத்துக்கொள்ள வேண்டுமா, ஐயா? வைத்தால் எவ்வளவு கொடுப்பது?” என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். சிறிய கேள்விதான். ஆயினும் இந்த வாரத் தியானத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

ஐரோப்பிய நகரங்களில் இந்த நூற்றாண்டில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. ‘இலவச நடைப்பயணம்’ என்று அறிவிப்பார்கள். வழிகாட்டி இரண்டு மணி நேரம் நடத்திச் சென்று நகரின் கதையைச் சொல்வார். முடிவில் அவரவர் விரும்பியதைக் கொடுக்கலாம். இலவசம் என்பது முழு உண்மையன்று. பல இடங்களில், தம்மோடு நடந்த ஒவ்வொருவருக்காகவும் வழிகாட்டியே நிறுவனத்திற்கு ஒரு தொகை செலுத்தவேண்டும். இருபது பேர் கதை கேட்டுவிட்டுப் பதினைந்து பேர் நன்றி மட்டும் சொல்லிப் போனால், நஷ்டம் அவருடையது. நம் பக்கத்தில் நிறுவனம் ஏதுமில்லாமலே இது நடக்கிறது. பழைய ஊர்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே நடந்துவந்து, “பார்த்துக் கொடுங்கள்” என்பார். எதைப் பார்த்து?

தரங்கம்பாடி நடந்தே பார்க்கக்கூடிய சிறிய ஊர். 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகும். 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனியர்களோடு செய்த உடன்படிக்கையால் எழுந்த குடியேற்றம் இது. டேனியர்கள் தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் வாடகை செலுத்தினார்கள். 225 ஆண்டுகளுக்குப் பின், 1845இல், செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். வாடகையில் தொடங்கி விற்பனையில் முடிந்த ஊர்.

வீதியில் முதலில் சீயோன் ஆலயம், 1701இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது, டேனியர்களுக்கானது. சற்றுத் தள்ளிப் புதிய எருசலேம் ஆலயம், 1718, தமிழ்ச் சபைக்கானது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரையெழுத்தைக் காணலாம். உள்ளே சீகன்பால்க் ஐயரும் கிரண்ட்லர் ஐயரும் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி புளூட்சோ ஐயரோடு கப்பலில் வந்திறங்கியபோது சீகன்பால்க்குக்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு. 1719 பிப்ரவரியில் மரித்தபோது முப்பத்தாறு. 1715இல் அச்சில் நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவையாயிருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்ததையும், அருகிலுள்ள பொறையாரில் காகிதப் பட்டறை அமைத்ததையும் எந்த வழிகாட்டியும் சொல்வார்.

பெரும்பாலும் சொல்லப்படாதது வேறு. அதற்குத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

சீகன்பால்க்குக்குத் தமிழ் யார் கற்றுக்கொடுத்தார்கள்? முதியவர் ஒருவர் தம் திண்ணைப் பள்ளியை மிஷனெரிகளின் வீட்டிற்கே மாற்றிக்கொண்டார். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார் அந்த ஜெர்மானியர். பேச்சுத் தமிழுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அழகப்பன் என்பவர் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டார். அவர் முன்பு டேனியக் கம்பெனியின் துபாஷியாக இருந்தவர், போர்த்துக்கீசியம் அறிந்தவர். மிஷனெரிகளுக்குத் துணைநின்றதால் அவர் ஊரைவிட்டே துரத்தப்பட்டார். சொல்லப்போனால், தரங்கம்பாடியின் முதல் வழிகாட்டி அவர்தான். ஓர் அந்நியருக்கு ஒரு சமுதாயத்தின் சொல்லையும் வழக்கத்தையும் திறந்து காட்டினார். அதற்குத் தம் ஊரையே கொடுத்தார்.

1708இல் சீகன்பால்க் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் 119 நூல்கள். நம் இலக்கிய வரலாற்றுக்கு அது பெரும் பொக்கிஷம், ஐயமில்லை. ஆனால் அந்தச் சுவடிகள் வந்த வழியை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்: தம் எழுத்தரைப் பல நாள் பயணமாக உள்நாட்டிற்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் மலிவாக வாங்கினாராம். பொருளின் மதிப்பை அறியாதவரிடம் குறைந்த விலைக்கு வாங்கும் சாமர்த்தியத்தை நாம் சந்தையில் மெச்சிக்கொள்கிறோம். நம் விசுவாசத்தின் தகப்பன் ஒருவரிடம் அதைக் காண்கையில் எனக்கு மனம் இடறுகிறது. இடறட்டும். அவருடைய பரிசுத்தத்தை நாம் பொய்யால் காக்கவேண்டியதில்லை.

அதே ஆண்டின் இறுதியில் அதே மனிதர் இன்னொரு விதவைக்காகச் சிறைக்குப் போனார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நாவிதர் ஒருவரின் விதவைக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே, அவள் கணவர் காலத்துக் கடன் பற்றிய வழக்கு. ஏழைப் பெண்ணின் பக்கம் நின்று தூண்டிவிடுகிறார் என்று எண்ணிய தளபதி ஹாசியுஸ், சீகன்பால்க்கைக் கைதுசெய்து டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். கடற்கரையில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கோட்டை அதுவே. அங்கே நிற்கையில் கணக்குப் புத்தகங்களையும் நினையுங்கள். மிளகும் துணியும் மட்டுமா அவற்றில் இருந்தன? 1707 மே மாதத்தில் சீகன்பால்க்கிடம் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐவர், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். கூலி என்ற சொல்லே அவர்களுக்கு இல்லை.

இனி நம் சபை வரலாற்றுக்கே வருவோம். 1733 டிசம்பரில் ஆரோன் ஐயர் குருப்பட்டம் பெற்றார். லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் போதகர், வேளாளர் குடும்பத்தவர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் தஞ்சை நாட்டில் ஊழியம் செய்தார். தஞ்சை மன்னரின் படையில் வீரராயிருந்தவர். பறையர் குலத்தில் பிறந்தவர். பின்னர் குருப்பட்டத்திற்கு அவர் பெயர் எண்ணப்பட்டபோது தகுதியில் குறை காணவில்லை. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து பெறமாட்டார்கள் என்றே விலக்கினார்கள். கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். கூலியை நிறுத்திவைப்பவர்களை யாக்கோபு தம் நிருபத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். கொடுக்கவேண்டிய கனத்தை நிறுத்திவைப்பதும் அதில் அடங்காதா? நம் கல்லறைத் தோட்டங்களின் தனித்தனி வரிசைகளைக் கண்டவர்கள் இதைப் பழங்கதை என்று தள்ளமுடியாது.

ஆகையால் வாலிபரே, ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் காணொளி இருக்கிறதே என்று மிச்சம் பிடிக்கவேண்டாம். 2004 டிசம்பர் 26இல் அந்தக் கரையில் கடல் ஏறி வந்ததை நேரில் கண்டவர் ஒருவர் நடத்திச் சென்றால் இன்னும் நல்லது. அலையோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் எவ்வளவு அரித்துவிட்டது என்பதை அவர் கைகாட்டிச் சொல்வார். அழகப்பனைப் பற்றியும் ராஜநாயக்கனைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

பணத்தைப் புறப்படும் முன்பே தீர்மானியுங்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்றாலும் இருபத்தைந்து பேருக்கு 1,250 ஆகிறது. பொருளாளர் அதை ஒரு காணிக்கை உறையில் போட்டுத் தனியே வைத்திருக்கட்டும். திரும்பும் வேளையில் பேருந்துக்கு நேரமாகிறது என்று ஆளுக்கு ஆள் முகம் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். உறையின்மேல் அவர் பெயரை எழுதிக் கொடுங்கள். பெயரைக் காலையிலேயே கேட்டுவையுங்கள்.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்