ஐசன்கார்ட்: மந்திரவாதி சாருமானின் வீடு எங்கே இருக்கிறது, பெயர் எப்படி வந்தது?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் அந்தக் கறுப்புக் கோபுரம் மறந்திருக்காது. மந்திரவாதி சாருமான் குடியிருந்த இடம் அது. ஆனால் ஐசன்கார்ட் எது, ஓர்தாங்க் எது என்று கேட்டால் பலரும் கொஞ்சம் குழம்பிவிடுவார்கள். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

டோல்கீன் படைத்த மிடில் எர்த்தின் வரைபடத்தைப் பாருங்கள். வடக்கிலிருந்து தெற்கே நீளும் மிஸ்டி மலைத்தொடர் முடிகிற இடத்தில், ஒரு பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது ஐசன்கார்ட். அதற்குத் தெற்கே, இந்த மலைகளுக்கும் வெள்ளை மலைகளுக்கும் நடுவில் ஒரு கணவாய். ரோஹனுக்குள் நுழையும் இந்த வழியைக் காவல் காக்கத்தான் கோண்டோர் நாட்டவர் இங்கே கோட்டை வைத்திருந்தார்கள்.

ஐசன்கார்ட் என்பது வட்ட மதில் சூழ்ந்த முழு வளாகம். குறுக்களவு 1 மைல். அதன் நடுவில் நிற்கும் கோபுரம்தான் ஓர்தாங்க். அதன் உச்சித் தளம் தரையிலிருந்து 500 அடி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு குதுப் மினார்!

சாருமான் கட்டியதா?

இல்லை. கதையின் காலக்கணக்கில், மூன்றாம் யுகம் 2759-இல் கோண்டோரின் ஆட்சிப் பொறுப்பாளர் பெரன், ஓர்தாங்க்கின் சாவியைச் சாருமானிடம் கொடுத்தார். 2953-இல் சாருமான் அதைத் தன் சொந்தமாக்கிக்கொண்டு பலப்படுத்தத் தொடங்கினார். அதாவது, 194 ஆண்டுகள் கழித்து குடியிருந்தவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

டோல்கீன் 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். அந்தப் படிப்பு இந்தப் பெயர்களில் அப்படியே தெரிகிறது.

ஐசன்கார்ட்: 'ஐசன்' என்பது இரும்பைக் குறிக்கும் பழைய சொல் வடிவம். 'கார்ட்' என்றால் வேலி அல்லது மதில் சூழ்ந்த இடம். ஆக, 'இரும்பு வளாகம்'. எல்ஃப் மொழியில் இதற்கு ஆங்ரெனோஸ்ட் என்று பெயர். அதன் பொருளும் இரும்புக் கோட்டைதான்.

ஓர்தாங்க்: இதற்கு இரண்டு அர்த்தம். எல்ஃப் மொழியில் 'கோரைப்பல் மலை'. கோபுர உச்சியில் கூராகப் பிரியும் நான்கு கொம்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ரோஹன் மக்களின் மொழியாக டோல்கீன் காட்டும் பழைய ஆங்கிலத்திலோ 'தந்திர புத்தி'. சாருமான் என்ற பெயரிலும் தந்திரத்தைக் குறிக்கும் 'சேரு' என்ற பழைய ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது.

கடைசியில் என்ன ஆனது?

சாருமான் வளாகத்து மரங்களை வெட்டினார். உலைகளும் ஆயுதப் பட்டறைகளும் வைத்தார். பெயருக்கேற்ப அந்த இடம் நிஜமாகவே இரும்பு ஆனது. 3019-இல் மர உருவம் கொண்ட என்ட்கள் மதிலை உடைத்து, ஐசன் ஆற்றைத் திருப்பி உள்ளே விட்டன. ஓர்தாங்க்கை மட்டும் அவற்றால் அசைக்க முடியவில்லை.

பிறகு அங்கே என்ட்கள் மரம் நட்டன. இடத்தின் பெயர் 'ட்ரீகார்த்' என்று மாறியது. 'கார்த்', 'கார்ட்' இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். நாம் புழங்கும் 'யார்ட்'டும் இந்தக் குடும்பம்தான். வளாகம் என்ற பாதி அப்படியே நிற்க, இரும்பு இருந்த இடத்துக்கு மரம் வந்துவிட்டது. அடுத்த முறை படிக்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கோட்டையின் முழுக் கதையும் அதிலேயே இருக்கிறது.