ஒன்றொன்றாகவும் ஒருசேரவும்: அணிக் கணக்கின் வரலாறு

கணக்கு என்பது எண்களைக் கூட்டுவதும் பெருக்குவதும் மட்டுமன்று. எந்த முறையில், எத்தனை ஆணைகளால் அவற்றைச் செய்விப்பது என்பதும் கணக்கின்பாற்பட்டதே. இன்று நம் இளைஞர் பலர் புள்ளியியலும் கணிப்பொறியியலும் பயில்கின்றனர். 'லூப்' எனப்படும் சுழற்சியை நீக்கி, அணியாக எழுதுக என்று அவர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது. ஏன் என்று வினவுவோர் சிலரே. காரணம் அறியாமல் மனப்பாடம் செய்த விதி தேர்வறைக்கு வெளியே உதவாது. ஆதலின் அவ்விதி பிறந்த வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

அணி பிறந்த வரலாறு

எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கிய அடுக்கே அணி என்பது பள்ளியில் பயின்றவர் அறிந்ததே. இவ்வாறு அடுக்கிக் கணக்கிடும் வழக்கம் மிகத் தொன்மையானது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 'கணிதக் கலையின் ஒன்பது அதிகாரங்கள்' என்னும் சீன நூலின் எட்டாம் அதிகாரம், பல சமன்பாடுகளின் எண்களைப் பலகைமேல் குச்சிகளால் அடுக்கித் தீர்வு காணும் முறையை விளக்குகிறது.

'மேட்ரிக்ஸ்' என்னும் பெயரை 1850இல் வழங்கியவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் என்னும் ஆங்கிலேயர். இவர் 1837இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். எனினும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. பட்டம் பெறுவோர் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்பது அந்நாளைய விதி. யூதராகிய சில்வெஸ்டர் அதற்கு உடன்படவில்லை. 1841இல் டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரி அவருக்குப் பட்டம் வழங்கிற்று. கேம்பிரிட்ஜோ 1872இல்தான் வழங்கிற்று. பட்டம் மறுக்கப்பட்ட காலத்திலேயே கணிதத்திற்கு நிலைத்த பெயரொன்றை அவர் தந்துவிட்டார் என்பதை நம் மாணவர் நினைவிற்கொள்க.

அவருடைய நண்பர் ஆர்தர் கெய்லி, வழக்கறிஞராகத் தொழில் புரிந்துகொண்டே 1858இல் அணிகளைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். ஓர் அணி முழுவதையும் ஒரே எண்ணைப்போலக் கருதி, ஓரெழுத்தால் குறித்து, அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். பல எண்களை ஒரே பொருளாகக் காணும் இப்பார்வையே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து எனலாம்.

கணிப்பவர் மனிதராயிருந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் மனிதரையே குறித்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில், பெண்கள் மேசைப்பொறிகளைக் கொண்டு தாள்தாளாகக் கணக்கிட்டனர். அவர்களுள் கறுப்பினப் பெண்கள் தனிப்பிரிவாக, தனிக் கட்டடத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். அப்பிரிவில் 1943இல் சேர்ந்தவர் டாரதி வாகன் அம்மையார். அதற்கு முன்னர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாகப் பணியாற்றியவர். 1949இல் அப்பிரிவின் தலைவரானார். ஆய்வுக்கூடம் 1958இல் நாசாவின் கீழ் வந்தபோது தனிப்பிரிவு ஒழிக்கப்பட்டது. மனிதர் செய்த கணக்கை மின்னணுப் பொறி மேற்கொள்ளும் காலம் வருவதை உணர்ந்த அம்மையார், பார்ட்ரான் மொழியைத் தாமும் கற்றார். தம்முடன் பணிபுரிந்தோர்க்கும் கற்பித்தார். 1971இல் ஓய்வு பெற்று 2008இல் மறைந்தார். பொறி வந்தபோது அவர் அதனைக் கண்டு அஞ்சவுமில்லை. தாம் மட்டும் கற்று ஒதுங்கவுமில்லை.

சுழற்சியும் அதற்கு எதிர்ப்பும்

அப்பார்ட்ரான் மொழியை ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் தலைமையில் ஒரு குழு உருவாக்கி 1957இல் வெளியிட்டது. அதில் 'டூ' என்னும் ஆணை சுழற்சியைக் குறித்தது. முதல் எண்ணை எடு, கணக்கிடு, அடுத்ததற்குச் செல், முடியும்வரை மீண்டும் செய் என்பதே அதன் பொருள். மனிதர் தாளில் செய்த வேலையை அவ்வாறே பொறிக்குச் சொல்லும் வழி இது.

இதற்கு மாறான வழியைக் கண்டவர் கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நாளில், பாடத்தை விளக்குவதற்கென்றே ஒரு குறியீட்டு முறையை அவர் அமைத்தார். 1962இல் அது நூலாகி, பின்னர் ஏ.பி.எல். என்னும் கணிப்பொறி மொழியாயிற்று. அம்மொழியில் ஒரு வரிசை எண்கள் முழுவதையும் கூட்ட இரண்டே குறிகள் போதும். சுழற்சி எழுத வேண்டுவதில்லை. 1979இல் டூரிங் பரிசு பெற்றபோது, குறியீடு சிந்தனைக்கே கருவியாகும் என்பதைப் பொருளாக வைத்து ஐவர்சன் உரையாற்றினார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1977இல், அதே பரிசைப் பெற்ற பாக்கஸ், ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் கையாளும் நிரலாக்க முறையைக் கண்டித்தே பேசினார். பார்ட்ரானைத் தந்தவரே அம்முறையின் குறையை எடுத்துரைத்தமை அறிவுலகில் போற்றத்தக்க நேர்மையாகும்.

புள்ளியியல் துறையில், 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் துணைவரும் 'எஸ்' மொழியைத் தொடங்கினர். அதனை ஒட்டி நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 'ஆர்' மொழியை உருவாக்கினர். 1995 முதல் அது கட்டணமின்றி எவரும் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் உரியதாக வழங்கப்படுகிறது. பொருள் வசதியற்ற மாணவர்க்கு இஃது எத்துணை நன்மை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உள்ளே நிகழ்வது யாது?

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மூன்று மாணவர் இரு தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்கள் முறையே 50, 80, 70, 60, 90, 40 என்க. முதல் தேர்வுக்கு 0.4, இரண்டாம் தேர்வுக்கு 0.6 என எடை தருவோம். மதிப்பெண்கள் மூன்று நிரைகளும் இரண்டு நிரல்களும் கொண்ட அணி. எடைகள் இரண்டு நிரைகளும் ஒரு நிரலும் கொண்ட அணி. இரண்டையும் பெருக்கின் 68, 64, 60 என மூவர் விடையும் ஒருசேரக் கிடைக்கும். நாற்பது மாணவர், ஐந்து பாடம் எனினும் எழுதும் ஆணை அதே ஒன்றுதான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நாற்பது மாணவர்க்கு ஐந்து பாடம் எனில் 200 பெருக்கல்கள். சுழற்சியாக எழுதினும் அணியாக எழுதினும் அந்த 200 குறையப்போவதில்லை. பின் நேரம் எவ்வாறு குறைகிறது? ஆர் போன்ற மொழிகளில் ஒவ்வோர் ஆணையும் இயங்கும்போதே பொருள்கொள்ளப்படுகிறது. இஃது எவ்வகை எண், இதற்குரிய செயல் எங்குள்ளது, விடையை எங்கு வைப்பது என்று ஒவ்வொரு சுற்றிலும் மொழி ஆராய வேண்டும். அணியாக எழுதினால் அவ்வாராய்ச்சி பெரும்பாலும் ஒரே முறை நிகழ்கிறது. எஞ்சிய பெருக்கல்கள், முன்னரே பொறிமொழியாக மாற்றி வைக்கப்பட்ட பார்ட்ரான் அல்லது சி ஆணைத்தொடர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. உடற்பயிற்சி ஆசிரியர் நாற்பது பேரையும் தனித்தனியே பெயர் சொல்லித் திரும்பச் சொல்வதற்கும், வகுப்பு முழுவதற்கும் ஒரே ஆணை இடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஆகவே சுழற்சி மறைந்துவிடவில்லை, கீழ்த்தளத்திற்குச் சென்றிருக்கிறது. அங்கே அதனைச் செப்பமாக எழுதி வைத்த உழைப்பாளர்கள் பலர். 'பிளாஸ்' எனப்படும் அடிப்படைச் செயல்தொகுதி 1979இல் திசையன்களுக்கும், 1988இல் அணியும் திசையனும் சேர்ந்த செயல்களுக்கும், 1990இல் அணிப்பெருக்கலுக்கும் வெளியிடப்பட்டது. ஆயிரம் நிரை, ஆயிரம் நிரல் கொண்ட இரு அணிகளைப் பெருக்க 100 கோடிப் பெருக்கல்கள் வேண்டும். அவற்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒருமுறை அருகே கொணர்ந்த எண்ணைப் பன்முறை பயன்படுத்திக்கொள்வதே இத்தொகுதியின் நுட்பம். ஒரு வரி எழுதி விடை பெறும் மாணவன், அவ்வரியின் பின்னுள்ள பிறர் உழைப்பை மறத்தல் கூடாது.

எல்லைகள்

எல்லாவற்றையும் அணியாக்குதல் அறிவுடைமை ஆகாது. நேற்றைய இருப்பைக் கொண்டே இன்றைய இருப்பைக் கணிக்கும் சேமிப்புக் கணக்கைப் போன்று, ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சார்ந்திருப்பின், அங்கே சுழற்சியே பெரும்பாலும் இயல்பான வழி. இடமும் ஒரு தடை. ஒரு லட்சம் பேருள் ஒவ்வொருவரையும் ஏனைய ஒவ்வொருவரோடும் ஒப்பிடும் அணியை முழுமையாக அமைத்தால் 1000 கோடி எண்கள். எண் ஒன்றுக்கு 8 பைட்டு வீதம் 80 ஜிகாபைட்டு நினைவகம் வேண்டும். மேலும், 2017இல் வெளியான ஆர் 3.4.0 பதிப்பு முதல் சுழற்சிகளைத் தானே முன்கூட்டிச் செப்பம் செய்யும் முறை இயல்பாகவே அமைந்துவிட்டது. ஆதலின் சுழற்சி என்றாலே தீது என்னும் பழைய கருத்து இன்று முற்றும் பொருந்தாது. சுழற்சிக்குள் விடைப்பட்டியலைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே செல்வதுதான் பெருங்குற்றம். நீட்டும்தோறும் பழைய பட்டியல் முழுவதும் மீண்டும் படியெடுக்கப்பட நேரும். வேண்டிய இடத்தை முதலிலேயே ஒதுக்குதல் இதற்கு மருந்து.

இளைஞர்க்கு

அன்பார்ந்த இளைஞர்களே! பொறியின் முன் அமருமுன் தாளை எடுங்கள். அணிக்கு எத்தனை நிரை, எத்தனை நிரல் என்று எழுதுங்கள்; முதல் அணியின் நிரல்களும் இரண்டாம் அணியின் நிரைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சிறு எண்களைக் கொண்டு முதலில் சுழற்சியாகவும், பின்னர் அணியாகவும் செய்து, இரு விடையும் ஒன்றாதலைக் காணுங்கள். விரைவை அதன் பின்னரே தேடுங்கள். இவ்வாறு பயின்றவர்க்கு மொழிகள் மாறினாலும் கவலையில்லை. எஸ் போய் ஆர் வந்ததுபோல் நாளை வேறொன்று வரலாம், அணிக்கணக்கு மாறாது. கற்றதை டாரதி வாகன் அம்மையார் செய்ததுபோல் அருகிலிருப்போர்க்குக் கற்பியுங்கள். கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவரும் பள்ளியில் பயிலும் இருவர்க்கேனும் இவ்வாண்டு அணிப்பெருக்கலைச் சொல்லித் தருவார்களாயின், அதுவே இவ்வெள்ளிவிழாவிற்கு நாம் செய்யும் தக்க சிறப்பாகும்.