உடைந்த நிலவின் வரலாறு

நிலவு ஒரு நாள் உடைந்து சிதறினால் பூமியின் கதி யாதாகும்? இக்கேள்வியைக் கேட்டவுடன் பலருக்கும் நகைப்பே தோன்றும். ஆயினும், சென்ற 200 ஆண்டுகளில் வானநூல் வல்லார் பலர் இதையொத்த கேள்விகளை மிகுந்த பொறுப்போடு ஆராய்ந்திருக்கின்றனர். விஞ்ஞானக் கதை எழுதுவோர் தம் கற்பனை உலகங்களைப் படைக்கும்போது அவ்வாராய்ச்சியின் பயனையே எடுத்தாளுகின்றனர். கணக்கிலிருந்து கதையும், கதையிலிருந்து நம் காலத்துக் கவலை ஒன்றும் எவ்வாறு பிறந்தன என்பதையே நான் இங்கே கூற விழைகின்றேன்.

வானத்துப் பொருள் ஒன்று வெடித்துச் சிதறியிருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாகும். 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இத்தாலியரான பியாட்ஸி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சீரீஸ் என்னும் சிறு கோளைக் கண்டார். மறு ஆண்டிலேயே பிரேமன் நகரத்து மருத்துவர் ஓல்பர்ஸ், ஏறத்தாழ அதே தொலைவில் பல்லாஸ் என்ற மற்றொன்றைக் கண்டுபிடித்தார். ஓரிடத்தில் இரு சிறு கோள்கள் இருப்பானேன்? அவை முன்னொரு காலத்தில் உடைந்துபோன பெருங்கோள் ஒன்றின் துண்டுகளாகலாம் என்றார் ஓல்பர்ஸ். அவ்வாறாயின் எல்லாத் துண்டுகளின் பாதைகளும் வெடிப்பு நேர்ந்த இடத்தின் வழியே செல்லவேண்டுமன்றோ? அவர் அத்தகைய இடங்களைக் குறித்துக்கொண்டு தேடலானார். 1807இல் கன்னி ராசியில் வெஸ்டாவையும் கண்டார். ஆனால் அவர் கொண்ட கொள்கை நிலைக்கவில்லை. அப்பகுதியிலுள்ள சிறு கோள்கள் அனைத்தையும் திரட்டினாலும் நம் நிலவின் எடையில் நூற்றுக்கு 5 பங்குகூடத் தேறாது என்பதை இன்று அறிவோம். பிழையான கொள்கை ஒன்று மெய்யான கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது என்பதே இதன் சிறப்பு.

ஒரு கோளையோ துணைக்கோளையோ உடைப்பது அவ்வளவு எளிதன்று. நிலவின் குறுக்களவு ஏறத்தாழ 3,474 கிலோமீட்டர். அதன் ஒவ்வொரு கல்லையும் மற்றக் கற்களின் ஈர்ப்பு கட்டிவைத்திருக்கிறது. அந்தக் கட்டை முற்றிலும் அவிழ்க்க வேண்டுமானால், சூரியன் எல்லாத் திசைகளிலும் வாரி இறைக்கும் ஒளியையும் வெப்பத்தையும் 5 நிமிடங்களுக்குமேல் சேர்த்துவைத்து ஒருங்கே செலுத்தவேண்டும். மனிதன் செய்த எந்தக் குண்டும் இதற்கு அருகிலும் வாராது. இதைவிடக் குறைந்த ஆற்றலால் உடைத்தால், விலகிய துண்டுகள் தம் ஈர்ப்பினாலேயே மீண்டும் ஒன்றுகூடிவிடும்.

இனி, உடைந்த துண்டுகள் என்னவாகும் என்பதைச் சனிக்கோளின் வளையம் நமக்குக் கற்பித்தது. 1610இல் கலிலியோ அதைத் தொலைநோக்கியில் கண்டபோது, கோளின் இருபுறமும் இரு துணைகள் நிற்பதாகவே எண்ணினார். அது வளையம் என்று 1659இல் விளக்கியவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். அவ்வளையம் கட்டியான பொருளா, நீர்மமா, துகளா என்ற வினா அதன்பின் இரு நூற்றாண்டுகள் விடையின்றி நின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஆடம்ஸ் பரிசுக்கு இதையே பொருளாக அறிவித்தனர். பரிசு பெற்றவர் அப்போது இளைஞராயிருந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். கட்டியான வளையம் நிலைகுலைந்து கோளின்மீது வீழ்ந்துவிடும். எண்ணிறந்த தனித்தனித் துகள்களாலான வளையமே நிலைத்து நிற்கும் என்று 1859இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1895இல் அமெரிக்கரான கீலர், வளையத்தின் உட்பகுதி வெளிப்பகுதியைக் காட்டிலும் விரைந்து சுழல்வதை நிறமாலைக் கருவியால் நிறுவினார். ஏட்டிலே போட்ட கணக்கை வானம் ஒப்புக்கொண்டது எனலாம்.

இதற்கிடையே 1848இல், பிரான்சு நாட்டு மான்பெலியே நகரத்துப் பேராசிரியர் எதுவார் ரோஷ் மற்றோர் உண்மையை வெளியிட்டார். துணைக்கோள் தன் தாய்க்கோளை நெருங்க நெருங்க, அதன் அண்மைப் பக்கம் மிகுதியாகவும் சேய்மைப் பக்கம் குறைவாகவும் இழுக்கப்படுகின்றன. ஓர் எல்லைக்குள் வந்ததும் அது பிளவுண்டு போகும். அடர்த்தி ஒத்த நீர்மக் கோளாயின், அவ்வெல்லை தாய்க்கோளின் ஆரத்தைப்போல் 2.44 மடங்கு. நம் நிலவுக்கு அது பூமியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர். நிலவோ சராசரி 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆகவே நாம் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் இவ்விதி வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. ஷூமேக்கர்–லெவி என்னும் வால்மீன் 1992இல் வியாழனை மிக நெருங்கிச் சென்று சிதறியது. அதன் துண்டுகள் 1994 ஜூலையில் வரிசையாக அக்கோளின்மீது மோதியதை உலகமே கண்டது.

இந்த அறிவையெல்லாம் துணைக்கொண்டு கதை புனைந்தவர்களுள் அமெரிக்க ஆசிரியர் நீல் ஸ்டீவன்சன் குறிப்பிடத்தக்கவர். 2015இல் வெளிவந்த ‘செவனீவ்ஸ்’ என்ற அவருடைய நாவலில், நிலவு காரணம் தெரியாமல் ஏழு துண்டுகளாக உடைகின்றது. முதல் நாளில் பூமிக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. மக்கள் அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். ஆனால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதத் துண்டுகள் பெருகுகின்றன. பெருகப் பெருக மோதல்களும் மிகுகின்றன. இரண்டு ஆண்டுகளில் அவை எரிகல் மழையாகப் பொழிந்து நிலவுலகையே சுட்டெரிக்கும் என்று கணக்கிடுகின்றனர் விஞ்ஞானிகள். வெடிப்பைக் காட்டிலும் வெடிப்பின் பின்விளைவே கொடிது என்பது இக்கதையின் உயிர்நாடி.

இத்தகைய உலகைப் படைக்க விரும்பும் எழுத்தாளர் மறக்கலாகாத செய்திகள் வேறு சிலவும் உண்டு. துண்டுகள் பழைய பாதையிலேயே ஒரு கூட்டமாகச் செல்லும்வரை, கடலின் ஏற்றவற்றம் முன்போலவே நிகழும். ஏனெனில் எடை எங்கும் போய்விடவில்லை. அவை பூமியைச் சுற்றி ஒரே சீராகப் பரவிய பின்னரே நிலவின் ஏற்றவற்றம் ஓயும். அப்போதும் சூரியனால் எழும் சிறிய ஏற்றவற்றம் எஞ்சி நிற்கும். மேலும், ரோஷின் எல்லைக்கு வெளியே உள்ள துண்டுகள் காலப்போக்கில் மீண்டும் ஒரு நிலவாகத் திரளக்கூடும். எல்லைக்கு உள்ளே விழுந்தவையே வளையமாய் நிற்கும். இவற்றை உணர்ந்து எழுதினால் கதையும் சிறக்கும்; படிப்பவர் அறிவும் வளரும்.

நான் மேலே குறிப்பிட்ட கவலைக்கு இப்போது வருகின்றேன். மோதலால் துண்டுகள் பெருகி, பெருகிய துண்டுகளால் மோதல் பெருகும் என்ற கணக்கைக் கதைக்கு முன்னரே இட்டவர்கள், அமெரிக்க விண்வெளித் துறையைச் சேர்ந்த டொனால்டு கெஸ்லரும் அவர் தோழர் கூர்-பலேயும் ஆவர். 1978இல் அவர்கள் எழுதியது நிலவைப் பற்றியன்று. நாம் ஏவிய செயற்கைத் துணைக்கோள்களைப் பற்றி. 2007இல் சீனா தன் பழைய துணைக்கோளொன்றை ஏவுகணையால் தகர்த்தபோது, ஆயிரக்கணக்கான துண்டுகள் உயர்ந்த பாதையில் பரவின. 2009 பிப்ரவரியில் செயலிழந்த ருசியத் துணைக்கோளும் பணியிலிருந்த அமெரிக்கத் துணைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறின. 2019இல் நம் இந்தியாவும் அத்தகைய சோதனை ஒன்றைச் செய்தது. துண்டுகள் விரைவில் காற்று மண்டலத்தில் விழுந்து எரியவேண்டும் என்பதற்காக 300 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரமே தேர்ந்தெடுக்கப்பட்டது. எனினும், சில துண்டுகள் அதைவிட உயரத்துக்கும் எறியப்பட்டன.

புயலை முன்னறிவிப்பதும், கடலில் செல்லும் மீனவருக்கு வழிகாட்டுவதும், தொலைதூர ஊர்களை இணைப்பதும் இன்று துணைக்கோள்களே. அவை செல்லும் பாதைகளில் குப்பை நிறைந்துவிட்டால், அவ்வுதவிகளை இழப்பவர்கள் குண்டெறிந்தவர்கள் மட்டுமல்லர். நிலவை உடைக்கும் வலிமை நம்மிடம் இல்லை. ஆனால் பூமியைச் சுற்றி ஒரு குப்பை வளையத்தை உண்டாக்கும் வலிமை நமக்கு வந்துவிட்டது. சனியின் வளையம் எதனால் ஆனது என்று தேர்ந்து கூற மாக்ஸ்வெல்லுக்கு ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. நம் வளையம் எதனால் ஆனது என்று வருங்காலத்தார் ஆராய வேண்டியிராது. அதை உண்டாக்கிய நாடுகளின் பெயர்களும் நாட்களும் ஏடுகளில் எழுதப்பட்டே உள்ளன. அந்தப் பட்டியல் இனியேனும் நீளாதிருக்குமாறு நாடுகள் தமக்குள் உடன்பாடு செய்துகொள்வதே அறிவுடைமையாகும்.