ஆகஸ்ட் 9

எங்கள் கடைச் சுவரில் தாள் கிழிக்கும் நாள்காட்டி தொங்குகிறது. ஆகஸ்ட் 9 அதில் சிவப்பு எழுத்து, தேசிய நாள் விடுமுறை. அதே தேதியில் நடந்த வேறு இரண்டு சம்பவங்களை நம் பிள்ளைகளில் பலர் அறியமாட்டார்கள்.

1942-ல் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய மறுநாள் விடியற்காலையில் காந்தியடிகளும், காங்கிரஸ் தலைவர் மௌலானா அபுல் கலாம் ஆசாதும் கைதானார்கள். ஆசாதை அகமதுநகர் கோட்டையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கல்கத்தாவில் அவர் மனைவி ஜுலைகா பேகம் வஃபாத்தானபோதும் அவர் அங்கேதான் இருந்தார். ஜனாஸாவில் கலந்துகொள்ளவும் வாய்க்கவில்லை.

அப்போது சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது. 1945-ல் அதே நாள், காலை 11:02 மணிக்கு நாகசாகியில் அணுகுண்டு வெடித்தது. முதலில் குறிவைத்தது கொகுரா நகரத்தை. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் திரும்பிவிட்டது. ஆறு நாளில் ஜப்பான் சரணடைந்தது. நமக்கு விடிவு வந்ததுதான். ஆனாலும் அங்கே மாண்ட பெண்களையும் குழந்தைகளையும் மறக்க மனம் ஒப்பவில்லை.

1965-ல் அது திங்கட்கிழமை. காலை 10 மணிக்கு வானொலியில் பிரிவினை அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சியில் திரு லீ குவான் இயூ கண்கலங்கினார். என் பாட்டனார் இங்கே கடையில், அவர் தம்பி ஜோகூர் பாருவில். காலையில் ஒரே நாட்டில் கண்விழித்தவர்கள் இரவில் இரு நாட்டினர் ஆகிவிட்டார்கள். 1967-ல் நாணயமும் தனித்தனியானது. அதற்குப் பிறகும் தம்பிக்கு அனுப்பும் சரக்கைப் பேரேட்டில் 'வெளிநாடு' என்று எழுதப் பாட்டனார் கடைசிவரை சம்மதிக்கவில்லை என்று அத்தா சொல்வார்கள்.