உதயகிரிக் கோட்டையின் பாழடைந்த ஆலயம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்கு அருகே உள்ளது புலியூர்க்குறிச்சி. அங்குள்ள உதயகிரிக் கோட்டைக்குள் கூரை இழந்த ஓர் ஆலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. இன்று அங்கே ஆராதனை இல்லை, சபையும் இல்லை, கல்லறைகளே உள்ளன.

அவற்றுள் ஒன்று டிலனாயின் கல்லறை. 1741 ஆகஸ்டு 10இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனி தோல்வியுற்றது. பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பணியில் சேர்ந்த டிலனாய், ‘வலிய கப்பித்தான்’ எனப் பெயர் பெற்றார். குன்றை வளைத்து நிற்கும் கருங்கல் மதிலை வலுப்படுத்தியதிலும், உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை அமைத்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த கம்பெனியிலிருந்து வந்தவராயினும் அவர் ரோமன் கத்தோலிக்கர். 1777 ஜூன் 1இல் மரித்தார். கல்லறை வாசகம் இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. மனைவியும் மகனும் அங்கேயே அடக்கம் பெற்றனர்.

இவ்வாலயம் அரண்மனையின் ஆதரவிலும் படையின் காவலிலும் நின்றது. பின்னாளில் கோட்டையில் தங்கிய ஆங்கிலக் கம்பெனிப் படையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நீங்கியது. மதிலுக்கு வெளியே வேர்விட்ட சபை ஒன்று இல்லாதபோது சுவர்களைக் காப்பவர் யார்?

ஆயினும் டிலனாயின் சாட்சி அச்சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை. அவர் வாயிலாகச் சுவிசேஷத்தை அறிந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோமன் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஆலயம் இடிந்தது, அங்கிருந்தவர் அயலானுக்குச் சொன்ன வார்த்தை இடியவில்லை.

நாஞ்சில் நாட்டு மயிலாடியை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். 1809இல் ரிங்கல்தௌபே ஐயர் அங்கே ஆலயம் எழுப்பியபோது அரசின் அனுமதி பெற ரெசிடெண்ட் மெக்காலேயின் செல்வாக்கு உதவியது. ஆகவே அதிகாரத்தின் துணை அங்கும் இருந்தது. ஆனால் வேதமாணிக்கம் போன்ற அம்மண்ணின் மக்கள் முன்னரே விசுவாசத்தை ஏற்றிருந்தனர். 1816இல் ஐயர் நாட்டை விட்டு நீங்கிய பின்னும் வேதமாணிக்கம் சபையைப் பேணினார், சபை நிலைத்தது.

ஆலயப் பிரதிஷ்டைகளிலும் கோபுர உயரங்களிலும் மனம் மகிழும் நமக்கு உதயகிரி ஓர் எச்சரிக்கை. ஊழியத்திற்கு ஆயத்தப்படும் மாணவர் ஒருமுறையேனும் அங்கே சென்று, அக்கல்லில் உள்ள தமிழை நின்று வாசிக்கட்டும். சுவரைக் கட்டுமுன் அதைத் தாங்கும் மக்களைக் கட்டுவதே ஊழியம் என்பதை அவ்விடம் உணர்த்தும்.